கைத்தொழிலும் கடவுட்டொண்டும்

சென்ற பங்குனித் திங்கள் உரோகிணி நாளன்று நம் சங்கக் கட்டடத்தில் நேச நாயனார் குருபூசை வழக்கம்போல் நடைபெற்றது. திருவுருவத்திற்கு மாலையும் பரிவட்டமும் சாத்தித் தேவாரம் ஓதிய பின்னர்ச் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. பேசியவர் மூவர், அவருள் அடியேனும் ஒருவன். எனக்கு முன் பேசிய அன்பர் நல்ல நாவன்மை உடையவர். நாயனார் தறியை விட்டார், சிவத்தைப் பற்றினார் என்று அவர் கூறியபொழுது அவையிற் பெரிய கைத்தட்டல் எழுந்தது. அவ்வுரை பிழை என்பதை யான் அறிவேன். ஆயினும் பலர்முன் ஒருவரை மறுத்தல் பண்பன்று என்றெண்ணி வாளா இருந்துவிட்டேன்.

விழா முடிந்து வெளியே வருங்கால், திண்ணையோரம் நின்றிருந்த முதியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். ஐம்பதாண்டுக்கு மேலாகக் குழித்தறியில் அமர்ந்து கால் மரத்துப்போனவர். "வாத்தியார் ஐயா, தறியை விட்ட பிறகுதான் அவர் நாயனார் ஆனாரா? அப்படியானால் விடாத எங்களுக்கு என்ன கதி?" என்று கேட்டார். அவர் குரலில் வெகுளி இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். யான் அப்பொழுது ஏதோ இரண்டொரு சொற் சொல்லி விடைபெற்றேன். அவ்விடை எனக்கே நிறைவு தரவில்லை. ஆகலின் இக்கட்டுரையை அவருக்குரிய விடையாகவே எழுதுகின்றேன். அவர் கண்ணொளி குன்றியவர்; அவர் வீட்டுப் பிள்ளைகள் இதனைப் படித்துக் காட்டுவாராக.

முதற்கண் நாயனார் வரலாற்றையே நோக்குவாம். சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாங் குலோத்துங்கன் காலத்தில் அருளிய பெரிய புராணத்துள் நேசர்க்கு அமைந்தவை ஐந்தே பாடல்கள். அவர் ஊர் காம்பீலி. துங்கபத்திரை ஆற்றங்கரையில் இன்று கன்னட நாட்டில் உள்ள கம்பிலியே அஃது என்ப. அறுவையர் குலத்திற் பிறந்தவர். அறுவை என்பது ஆடை. அங்கிருந்து வந்து மயிலாடுதுறையை அடுத்த கூறைநாட்டில் வாழ்ந்தார் என்று அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மணமகட்குரிய கூறைப்புடவையாற் பெயர்பெற்ற ஊர் அது. இனி, அவர் செய்தது யாது? மனத்தின் தொழிலை இறைவன் திருவடிக்கு ஆக்கினார். வாக்கின் தொழிலை ஐந்தெழுத்துக்கு ஆக்கினார். கையின் தொழிலை அடியார்க்கு ஆக்கி, அவர்க்கு வேண்டும் உடையும் கீளும் கோவணமும் நெய்தார். இதுவே சேக்கிழார் கூறுவது. தறியை விட்டார் என்னும் பேச்சுக்கு ஆண்டு எள்ளளவும் இடமில்லை. தறி விட்டவர் கோவணம் எங்ஙனம் நெய்வார்?

ஈண்டுக் கருதத் தக்கது ஒன்றுண்டு. மனம், வாக்கு, கை என்னும் மூன்றும் ஒரே ஆளுடையவை. ஒரே காலத்தில் நிகழ்பவை. பாவினூடே நாடா ஓடும்பொழுதே ஐந்தெழுத்தும் ஓடுகின்றது. நெசவு செய்தோர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. மிதியும் வீச்சும் ஒரு தாளத்தில் அமைந்துவிட்டாற் கை தானே செல்லும். மனம் வேறொன்றைப் பற்ற இடங்கிடைக்கும். அம்மனம் கடன்காரனையும் பற்றலாம், கடவுளையும் பற்றலாம். நேசர் பின்னதைப் பற்றினார்.

நேசர் ஒருவர்தாமா எனின், அன்று. தில்லையிற் குயவராகிய திருநீலகண்டர் அடியார்க்குத் திருவோடு வனைந்து கொடுத்தார். நாகையிற் பரதவராகிய அதிபத்தர் வலையில் விழும் மீன்களுள் ஒன்றை நாடோறும் இறைவனுக்கென்று கடலில் விட்டார். ஒரு மீனே கிடைத்த நாளிலும் அதனையே விட்டார். திருவொற்றியூரில் எண்ணெய் வாணிபம் செய்த கலியர் செல்வம் தேய்ந்தபின் கூலிக்குச் செக்கோட்டியும் கோயில் விளக்கெரித்தார். இவரெல்லாம் தொழிலாற் பொருளீட்டி அப்பொருளைக் கோயிலுக்குக் கொடுத்த செல்வர் மாத்திரம் அல்லர். தம் கையினின்று பிறந்த பண்டத்தையே, அஃதாவது ஓட்டையும் மீனையும் எண்ணெயையும் துணியையும், தொண்டாகத் தந்தவர்.

இவருள் திருக்குறிப்புத் தொண்டர் வரலாறு எனக்கு எஞ்ஞான்றும் நெஞ்சை உருக்குவது. காஞ்சியில் அடியார் துணிகளை வெளுத்துக் கொடுத்தலைத் தொண்டாகக் கொண்டவர் அவர். குளிர்காலத்தில் ஒருநாள் இறைவன் மெலிந்த அடியாராய் அழுக்கேறிய கந்தை உடுத்து வந்து, மாலைக்குள் உலர்த்தித் தருவதானால் வெளுக்கலாம், இரவுக் குளிருக்கு இஃதொன்றே உள்ளது என்றார். தொண்டர் இசைந்து வெளுத்தார். உலர்த்தப் புகுங்கால் மழை பிடித்துக்கொண்டது, விடவேயில்லை. பொழுது சாய்ந்தது. சொன்ன பொழுதிற் சொன்ன துணியைத் தர இயலவில்லையே, அவ்வடியார் உடல் குளிரால் நடுங்குமே என்று துடித்துத் துணி துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோதினார். அக்கல்லினின்று இறைவன் கை எழுந்து தடுத்தது. அவர் பட்ட துன்பம் யாது? தவத்திற்கு இடையூறு வந்ததென்னும் துன்பமன்று. வேலை முடியவில்லையே என்னும் தொழிலாளன் துன்பம். பண்டிகைக்கு முதல்நாள் மழையாற் பாவு உலராமல் தவிக்கும் நம்மவர் வீடுகளில் இத்துன்பத்தை அறியாதார் யாவர்? இறைவன் கை எழுந்ததும் பூசையறையில் அன்று, துவைகல்லில்.

நாவுக்கரசு அடிகள் கையில் உழவாரம் உண்டு. சிற்பிகள் அதனை அடையாளமாக வைத்து வடித்தலால் நாமும் அஃதோர் அணி என்றே எண்ணிவிடுகின்றோம். அஃது அணியன்று, புல் செதுக்கும் கருவி. ஏழாம் நூற்றாண்டில் ஊர்தோறும் நடந்து சென்று கோயில் முற்றங்களிற் புல்லும் முள்ளும் செதுக்கிய கருவி. அவருக்கு வழிகாட்டிய தமக்கையார் திலகவதியாரும் திருவதிகையில் அலகிட்டு மெழுகி மலர் தொடுத்தவரே. திருப்புகலூரில் அடிகள் செதுக்கும் இடத்தே பொன்னும் மணியும் தோன்றின என்றும், பருக்கைக் கற்களோடு அவற்றையும் உழவாரத்தால் ஏந்திக் குளத்தில் எறிந்து மேலும் செதுக்கினார் என்றும் புராணம் கூறும். பொன்னாசையை வென்றார் என்று இதற்குப் பொருள் கூறுவர். அதுவும் உண்மையே. ஆயினும் வேலையில் ஆழ்ந்தவனுக்கு வழியிற் கிடப்பவை எல்லாம் அகற்ற வேண்டிய கற்களே என்பதும் அதனுட் பெறப்படும்.

இஃது இவ்வாறாக, துறவியர் உழைத்தல் வேண்டுமா என்னும் வினா நம் நாட்டிற் புத்தர் பெருமான் காலத்திலேயே எழுந்தது. மகத நாட்டில் ஏகநாளை என்னும் ஊரிற் காசி பாரத்துவாசன் என்னும் அந்தணன் விதைப்புக் காலத்தில் ஐந்நூறு ஏர் பூட்டி உழுதான். உழவர்க்கு அவன் உணவு வழங்கும் இடத்திற் புத்தர் சென்று நின்றார். அவன், யான் உழுது விதைத்து உண்கின்றேன், நீரும் உழுது விதைத்து உண்பதுதானே என்றான். யானும் உழுகின்றேன் என்ற பெருமான், நம்பிக்கையை விதையாகவும் அறிவை ஏராகவும் உருவகித்து விடையளித்தார். அந்தணன் மகிழ்ந்து பாற்சோறு கொணர, பாட்டுக்குக் கூலியாக வரும் உணவை ஏலேன் என்று மறுத்தார் என்று பாலி நூல் கூறும். எம்போலும் புலவர் கூட்டத்துக்கு இது சற்றுக் கடிய விதியே!

உருவகம் அழகியது. எனினும் அவ்வுழவன் வினா அதனோடு தீர்ந்துவிடவில்லை என்பது என் கருத்து. பௌத்த ஒழுக்க நூலாகிய விநயம் பிக்குகள் மண்ணைத் தோண்டுதலையும் செடிகொடிகளை அழித்தலையும் விலக்கியது. உயிர்க்கொலைக்கு அஞ்சியே விலக்கியது. விலக்கவே, உழுதல் என்றும் பிறர் வேலை ஆயிற்று. ஒன்றை மட்டும் அவர் கைவிட்டிலர், அஃது ஆடைத்தொழில். மகதத்து வயல்களின் வரப்பமைதியைக் காட்டி அவ்வாறு துண்டுகளை இணைத்துச் சீவரம் தைக்குமாறு பெருமான் ஆனந்தருக்குப் பணித்தார் என்பர். மழைக்காலம் கழிந்ததும் நிகழும் கடின விழாவில், பெற்ற துணியைப் பிக்குகள் தாமே கூடி ஒரே நாளில் அளந்து வெட்டித் தைத்துச் சாயமிட்டு முடித்தல் வேண்டும் என்பது பழைய விதி. உழாதவர் உடம்பின்மேல் வயலின் வடிவம் கிடந்தது. சீனத்திற் சென்ற பௌத்தமோ மண்வெட்டியையே கையிலெடுத்தது. 814-இல் மறைந்த பாய்சாங் என்னும் தேரர் முதுமையிலும் வயல் வேலை விடாதவர். இரங்கிய மாணாக்கர் ஒருநாள் அவர் கருவிகளை ஒளித்துவைக்க, வேலை செய்யாத அன்று உணவும் கொள்ளேன் என்று அவர் பட்டினி இருந்தார் என்பது அவர் மரபினர் போற்றும் கதை.

இனி மேல்நாட்டுத் துறவியர் வரலாற்றிற்கு வருவாம். நமக்கு அஃதெதற்கு என்று சிலர் வினவலாம். கைவேலையை வழிபாட்டோடு இணைத்து விதிநூல் வகுத்தவர் அவர். அவ்விணைப்பு எங்ஙனம் அறுந்தது என்பதும் ஆண்டுக்கணக்கோடு அவர் ஏடுகளிற் பதிவாகியுள்ளது. பிறர் இடறிய கல்லை அறிந்துகொள்வது நமக்கு நலமே.

ஆப்பிரிக்காவின் வடகரையிற் கார்த்தேசு நகரில், 400-ஆம் ஆண்டளவில், கிறித்தவத் துறவியர் சிலர் வேலை செய்ய மறுத்தனர். வானத்துப் பறவைகள் விதைப்பதுமில்லை அறுப்பதுமில்லை என்னும் வேதமொழியைத் தமக்கு அரணாகக் கொண்டனர். அவர்க்கு மறுப்பாக அகுசுத்தீன் என்னும் பேராசான் ஒரு நூலே எழுதினார். பறவைபோல் வாழ்வோம் என்பீராயின், பறவை சேமித்து வைப்பதில்லையே, மாவரைத்துச் சமைப்பதில்லையே, நீவிர் ஏன் அவை செய்கின்றீர் என்பது அவர் வினா. மேற்றிராணியாராய்ப் பிறர் வழக்குகளைத் தீர்த்துத் தீர்த்துச் சலித்தவர் அவர். ஒருநாளில் வரையறுத்த பொழுது கைவேலை செய்து எஞ்சிய பொழுது ஓதியிருக்கும் வாழ்வே தமக்கும் விருப்பமானது என்றும் அந்நூலில் ஏங்கிக் கூறுகின்றார்.

பின்னர் இத்தாலி நாட்டிற் பெனடிக்ட் அடிகள் தோன்றினார். 529-ஆம் ஆண்டளவில் மோந்தே கசீனோ என்னும் மலைமேல் மடம் நிறுவி, எழுபத்துமூன்று இயல்கள் கொண்ட விதிநூல் ஒன்று வகுத்தார். சோம்பல் உயிர்க்குப் பகை என்று நாற்பத்தெட்டாம் இயலைத் தொடங்கி, இன்ன பொழுது கைவேலை, இன்ன பொழுது படிப்பு என்று பருவந்தோறும் பகுத்துள்ளார். அறுவடையையும் தாமே செய்ய நேர்ந்தால் துறவியர் வருந்தற்க, தம் கையுழைப்பால் வாழும்பொழுதே அவர் மெய்யான துறவியர் என்கின்றார். நோயாளிக்கும் மெலிந்தோர்க்கும் அவர்தம் ஆற்றலுக்கேற்ற வேலை தரப்பட வேண்டும். வேலையே இல்லாதிருத்தலும் ஆகாது, வேலையால் நசுங்குதலும் ஆகாது.

அந்நூலில் என்னைப் பெரிதும் கவர்ந்தவை சிறு விதிகளே. மடத்துப் பண்டசாலைக்கு உரியவன் அங்குள்ள சட்டிபானைகளையும் கருவிகளையும் பலிபீடத்துத் திருப்பாத்திரங்கள் போலவே பேண வேண்டும். மடைப்பள்ளி வேலையைத் துறவியர் எல்லாரும் வாரமுறையாற் செய்ய வேண்டும். தக்க காரணமின்றி விலக்கில்லை. வாரம் முடிப்பவன் துண்டுகளை வெளுத்து வைத்தல் வேண்டும். முடிப்பவனும் தொடங்குபவனும் அனைவர் கால்களையும் கழுவுதல் வேண்டும். தொழில்வல்லான் ஒருவன் என்னால் மடத்திற்கு வருவாய் என்று செருக்குவானாயின் அவனை அத்தொழிலினின்று நீக்குக என்றும் ஒரு விதியுண்டு. மடத்துப் பண்டங்களை வெளிச்சந்தை விலையினும் சற்றுக் குறைத்தே விற்றல் வேண்டுமாம். நம் கூட்டுறவுச் சங்கத்தார் இவ்விதியைக் கண்டால் என் சொல்வாரோ அறியேன்.

பெனடிக்ட் அடிகள்மேல் வழங்கும் கதை ஒன்று திருக்குறிப்புத் தொண்டரை நினைவூட்டுவது. எளிய அயல்நாட்டான் ஒருவன் ஏரிக்கரையில் முட்புதர் வெட்டுங்கால் இரும்பலகு பிடியினின்று கழன்று ஆழ்நீரில் வீழ்ந்தது. அவன் நடுநடுங்கிப் போய்ப் பிழை கூறினான். அடிகள் வந்து பிடியை நீரிலிட, அலகு மேலெழுந்து பிடியிற் பொருந்தியது. அதனை அவன் கையிற் கொடுத்து, வேலையைச் செய், வருந்தாதே என்று போயினார். ஈராயிரங் காதத்துக்கு அப்பாலும் கருவி இழந்தவன் துயரம் ஒன்றே போலும்.

இத்துணைச் சிறந்த ஏற்பாடு பின்னர் யாதாயிற்று? 910-இல் நிறுவப்பெற்ற குளூனி மடத்தில் ஓதுதலும் சடங்கும் பெருகின. நாளெல்லாம் பாட்டிற் கழியவே கைவேலை பெயரளவாய்த் தேய்ந்தது. நிலம் பெருகிற்று, உழுதவர் குடியானவர். இதனை வெறுத்துப் பழைய விதிக்கே திரும்புவோம் என்று 1098-இல் சீத்தோ என்னும் சதுப்புக் காட்டிற் புதிய மடம் கண்டனர் சிலர். அவர்தம் மரபினர் காடு திருத்தினர், ஆடு வளர்த்தனர். ஆட்டுமயிர் வாணிபத்தால் ஆங்கில நாட்டிற் பெருஞ்செல்வமும் எய்தினர். ஆனால் அவ்வேலைகளுட் பெரும்பகுதியைச் செய்தவர் யாவர் எனின், பணிச்சகோதரர் என்னும் வேறொரு பிரிவினர். அவரும் நோன்பு பூண்டவரே. ஒரே மதிலுக்குள் வாழ்ந்தவரே. ஆயினும் அவர்க்கு உண்ணும் கூடம் வேறு, உறங்கும் கூடம் வேறு. கோயிலினுள் அவர் இடம் மேற்குப்புறத்தே. பாடும் துறவியர்க்கும் அவர்க்கும் இடையே தடுப்பு. அவர் எழுத்துக் கற்றல் கூடாது. சில செபங்களை நெட்டுருப் பண்ணினாற் போதும். பாடும் துறவியராய் உயர்தல் என்றுமே இயலாது. பன்னிரண்டு பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் இப்பணிச்சகோதரர் பல மடங்களிற் கலகம் விளைத்தனர் என்று ஏடுகள் கூறும். விளையாமல் என் செய்யும்? இந்தப் பிரிவை நீக்கிப் பணிச்சகோதரரை மடத்தின் உள்வாழ்விற் சேர்த்துக்கொள்க என்று உரோமாபுரித் திருச்சபை ஆணையிட்டது 1965-இல். ஏறக்குறைய எண்ணூற்றறுபது ஆண்டுகள்!

உழைப்பே வழிபாடு என்று தொடங்கியவர், உழைப்பை ஒருவர்க்கும் வழிபாட்டை மற்றொருவர்க்கும் பங்கிட்டுக் கொடுத்தனர். கை வேறாளுடையதாகவும் வாக்கு வேறாளுடையதாகவும் பிரிந்தன. நேசர்பால் ஒருவரிடத்தே நின்ற மூன்றும் ஈண்டு இருவரிடத்தே பிரிந்து நின்றன.

அவரை நோக்கி நகைக்கும் உரிமை நமக்கில்லை. நம் சைவ ஆதீனங்கள் தமிழுக்குச் செய்த நன்றி அளவிடற்கரியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை ஆதரித்தும், சாமிநாதையரவர்கள் பயிலுதற்கு இடந்தந்தும் திருவாவடுதுறை செய்த உதவி இல்லையேல் என்போன்றோர் இன்று பாடஞ்சொல்ல நூல்களே இரா. எனினும் மடத்து நிலங்களை உழுதவர் குத்தகைக் குடிகளேயன்றித் தம்பிரான்மார் அல்லர். உழவாரம் ஏந்திய அப்பர் திருவுருவம் உள்ளே. உழவாரம் ஏந்தியவன் வயலிலே.

இதனினும் கொடியது திருநாளைப்போவார் வரலாறு. ஆதனூரில் வாழ்ந்த அப்பெருமான் கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் தந்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு தந்தார். அவர் தந்த தோல் கருவறை வாயில்வரை சென்று முழங்கிற்று. தந்தவர் மதிற்புறத்தே நின்றார். நாளைப்போவேன் என்று அவர் நாட்கடத்தியது வேலை மிகுதியால் அன்று என்பதை யாவரும் அறிவர். அறுபத்துமூவர் வரிசையில் அவரைக் கல்லிற் சமைத்து வைத்த கோயில்களே அவர் குலத்தாரை நூற்றாண்டுகள் புறத்தே நிறுத்தின. மதுரை மீனாட்சியம்மை கோயிலுள் அவர் வழியினர் வைத்தியநாத ஐயர் முதலியோருடன் நுழைந்தது 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள். தொழிலை ஒரு நாவாற் புகழ்ந்து தொழிலாளியை மறுகையால் தள்ளுவது நமக்கும் கைவந்த கலைதான்.

இவ்விழிவை உணர்ந்து மாற்ற முயன்றவர் நம் அண்டை நாட்டிலேயே இருந்தனர். நேசர் பிறந்த கன்னட நிலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டில், கலியாணத்துப் பிச்சள மன்னனிடம் பண்டாரப் பொறுப்பிலிருந்த பசவண்ணரைச் சூழ்ந்து சிவசரணர் என்னும் கூட்டத்தார் தோன்றினர். நம் அறுபத்துமூவரைப் பழவடியார் என்று போற்றியவர் அவர். காயகம் என்பது அவர்தம் முதற்கொள்கை: ஒவ்வொருவனும் தன் உடலுழைப்பால் உண்ண வேண்டும், அவ்வுழைப்பே சிவபூசை. ஊர்சுற்றி உபதேசிக்கும் சங்கமருக்கும் இதினின்று விலக்கில்லை என்றனர். வண்ணார் மாச்சையர், ஓடக்காரர் சௌடையர், தோல்வினைஞர் அரளையர் என்றிவரெல்லாம் அவர் அவையில் அமர்ந்தவர். இவர்க்கெல்லாம் முற்பட்ட சரணர் சேடர தாசிமையர் என்னும் நெசவாளர். சேடர் என்பதே கன்னடத்தில் நெய்வோரைக் குறிக்கும் பெயர். அவர் வசனங்கள் இன்றும் அந்நாட்டிற் பயிலப்படுகின்றன.

அரிசி பொறுக்கும் மாரையர் என்பவர் தெருவிற் சிந்திய அரிசியைப் பொறுக்கி அடியாரை ஊட்டுவதைக் காயகமாகக் கொண்டவர். ஒருநாள் வழக்கத்தினும் மிகுதியாகக் கொணர்ந்தார். அவர் மனைவியார் இலக்கம்மையார், நமக்கு இவ்வளவு எதற்கு, நாளைய ஆசை இன்றே ஏன், கொண்டுபோய் விட்டு வாரும் என்று கணவரைத் திருப்பி அனுப்பினார். கூலி குறைந்ததற்குக் கணவரை வைவார் உண்டு; மிகுந்ததற்கு வைதவர் இவ்வம்மையாரே. வேலையைப் போற்றினால் ஆசை வளரும் என்று அஞ்சுவோர்க்கு இதனினும் வேறு விடை வேண்டுமோ?

அரளையர் மகனுக்கும் அந்தணராயிருந்து சரணரான மதுவரசர் மகளுக்கும் மணம் முடித்தபொழுது கலியாணம் கொதித்தது. தந்தையர் இருவரையும் அரசன் கொல்வித்தான் என்பது அவர் மரபு. 1167-ஐ ஒட்டிப் பிச்சளனும் கொலையுண்டான், சரணர் சிதறினர். ஒரே அவையிற் செருப்புத் தைப்பவரும் அமைச்சரும் சமமாய் அமர்ந்ததற்கு அவர் கொடுத்த விலை அது.

இறுதியாக நம் தொழிலைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றைக் கூறி அமைவேன். காந்தியடிகள் 1915-இல் அகமதாபாத்தையடுத்த கோச்சரபிற் சத்தியாக்கிரக ஆசிரமம் தொடங்கி 1917-இல் அதனைச் சபர்மதிக் கரைக்கு மாற்றினார். உடலுழைப்பு அங்கு நோன்புகளுள் ஒன்று. மலக்கூடம் தூய்மை செய்தலும் ஆசிரமத்தார் தாமே செய்யும் பணி. ஆண்டுத் தறிகள் சில வாங்கி நட்டனர். நட்டபின்னரே இடர்ப்பாடு புலனாயிற்று. ஆசிரமத்தார் அனைவரும் படித்த தொழிலினர், அன்றேல் வணிகர். கைவினைஞர் ஒருவரும் இலர். தறி கிடக்கின்றது, நெய்வார் இல்லை. பாலன்பூரிலிருந்து நெசவாளர் ஒருவரை வருவித்தனர். அவரோ தம் கலை முழுவதையும் கற்றுக் கொடுத்தாரில்லை என்று அடிகளே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். பின்னர் மகன்லால் காந்தி என்பார் தம் இயல்பான கைத்திறத்தால் முயன்று பயின்று தேர்ந்தார்.

இதனைப் படிக்குந்தோறும் அப்பாலன்பூர்க்காரரை எண்ணி எனக்கு நகை தோன்றும். நம்மவர் பலரும் அவ்வாறே செய்திருப்பர். ஆனால் நகைக்குப் பின் வேறொன்றும் தோன்றும். அறிவிற் சிறந்தார் பலர் கூடியிருந்த அவ்விடத்தில், அவர் வேண்டிய நோன்பின் திறவுகோல் ஓர் ஏழை நெசவாளர் கையில் இருந்தது. அவரை ஆசிரமத்தார் வேலையாளாக அழைத்திலர்; ஆசிரியராக அழைத்தனர்.

இனித் திண்ணையில் நின்ற பெரியவர் வினாவிற்கு வருவேன். ஐயா, நாயனார் தறியை விட்டாரல்லர். அவருக்காக இறைவன் மாறுவேடம் பூண்டு வந்ததாகவோ, கல்லினின்று கை எழுந்ததாகவோ சேக்கிழார் பாடவில்லை. மற்றை நாயன்மார் பலர்க்கும் வந்த சோதனை ஒன்றும் அவர்க்கு வந்திலது. நாடோறும் நெய்தார், கொடுத்தார், திருவடி சேர்ந்தார். ஐந்து பாடலில் முடிந்த வரலாறு அதுவே.

ஆயின் தங்களை வினவுமாறு செய்தது அச்சொற்பொழிவாளர் நாக்கு மட்டுமன்று என்று எண்ணுகின்றேன். அன்று மேடையில் நூல்வணிகரும் முதலாளிமாரும் என்போன்ற படித்தவரும் நாற்காலியில் அமர்ந்திருந்தோம். தறியில் அமர்பவர் ஒருவரேனும் மேடையில் இலர். பாய் போதாமையால் அவருட் பலர் திண்ணையில் நின்றனர். சமைத்தவரும் பரிமாறினவரும் இலையெடுத்தவரும் கூலிக்கு வந்தவர். பணிச்சகோதரர்க்குக் கோயிலின் மேற்குப்புறத்தை ஒதுக்கிய மடத்தாரை மேலே குறை கூறினேன். நம் கூடத்தின் மேற்குப்புறத்தை அன்று யான் திரும்பிப் பார்த்தேனில்லை. இன்னும் ஒன்று சொல்லக் கூசுகின்றேன்: நெசவுத் தொண்டராகிய நாயனார் திருவுருவத்திற்கு நாம் சாத்திய பரிவட்டம் கடையில் வாங்கிய விசைத்தறித் துணி.

ஆகலின் நம் செயற்குழுவினர்க்கு மூன்று விண்ணப்பங்கள். அடுத்த குருபூசையில் மடைப்பள்ளி வேலையும் இலையெடுத்தலும் உறுப்பினர் வீட்டார் முறைவைத்துச் செய்தல் வேண்டும். முதல் முறைக்கு என் பெயரையும் என் வீட்டார் பெயரையும் எழுதிக்கொள்க. மேடைப் பேச்சு மூன்றனுள் ஒன்று தறிநெய்யும் ஒருவர் தம் தொழிலைப் பற்றிப் பேசுவதாக இருத்தல் வேண்டும். பரிவட்டம் நம் ஊர்க் கைத்தறியில் நெய்ததாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவதற்கு ஆள் தேட வேண்டுவதில்லை. சென்ற வாரம் அம்முதியவர் வீட்டிற்குச் சென்று கேட்டேன். கண் தெரியாவிட்டாலும் கை அறியும் என்றார். பேரன் பாவு பிணைத்துத் தருவானாம். கூலி பேசப் புகுந்தபொழுது கையமர்த்திவிட்டு, "நூல் மட்டும் வாங்கிக் கொடுங்கள் வாத்தியார் ஐயா. நாயனாருக்கு எத்தனை முழம் வேண்டும், அதைக் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். திருவுருவத்தின் அளவு எனக்குத் தெரியாது. செயற்குழுவினர் அளந்து தை முடிவதற்குள் அவருக்குத் தெரிவிப்பாராக.